ஆற்றுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் முதலில் கிளம்புகிற வண்டி எங்களுடையதாகத்தான் இருக்கும். கறிக்கடைக்குப் பை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பெட்ரோல் டேங்க் மேல் மூன்று வயது மகன், அவனுக்குப் பின்னால் என் கணவர், நடுவில் ஆறு வயது மகள், கடைசியில் நான். என் முதுகில் ஒரு பை, மடியில் ஒரு பை. எதிர்வீட்டு அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து, வூட்ல இருந்தா இன்னா கொறஞ்சிடும் உங்களுக்கு என்று கேட்பார். கணவர் சிரித்துக்கொண்டே கியரைப் போடுவார்.

அவருக்கு ஒரகடம் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை. வாரத்தில் ஆறு நாள் கம்பெனி பஸ்ஸில் போய் வருவார். அவருடைய அப்பா உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயி. நல்ல மனிதர்தான், ஆனால் பிள்ளைகளை எங்கும் அழைத்துப் போனவர் இல்லை. "எங்க நைனா என்னைக் கூட்டிக்கினு போன ஒரே எடம் நெல்லு மண்டி. எம் புள்ளைங்களுக்கு அந்த நெலமை வரக்கூடாது" என்று கணவர் அடிக்கடி சொல்வார். கம்பெனியில் கூட வேலை செய்கிற இளவட்டங்கள் மலையேறப் போவார்கள். அவர்கள் அனுப்புகிற படங்களைச் சாப்பிடும்போதும் பார்த்துக்கொண்டிருப்பார். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடக்கிற குடும்பங்களின் வீடியோக்களைத் தேடித் தேடி எனக்குக் காட்டுவார்.

எனக்குப் பிடிக்கவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் பெண்பிள்ளைகள் கோயிலுக்குப் போவார்கள், கோயிலிலிருந்து வருவார்கள், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கிற இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நாள் முழுக்க ஊசி, குழாய், சீட்டு. அதனால் முதல் முறை ஒரு சின்னப் பாறைக் குன்றின் உச்சியில் போய் உட்கார்ந்து, கீழே வயல்களெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தபோது, எனக்கு இறங்கவே மனமில்லை. வேடந்தாங்கலில் கூழைக்கடா ஒன்று வாயைத் திறந்து குஞ்சுக்கு ஊட்டியதைப் பார்த்து மகள் என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பு இன்னும் நினைவிருக்கிறது. அந்த நாட்களில் சனிக்கிழமை சாயங்காலமே, நாளைக்கு எங்கே என்று கேட்கிறவள் நானாகத்தான் இருந்தேன்.

ஆனால் பிள்ளைகளோடு ஊர் சுற்றுவது என்றால் என்ன என்று வீடியோக்களில் யாரும் காட்டுவதில்லை. விடியற்காலை எழுந்து எலுமிச்சை சாதம் கிளறுகிறவள் நான். மாற்று டவுசர், துண்டு, கீழே விரிக்கப் போர்வை, காய்ச்சல் மருந்து, எறும்புக் கடிக்கு மருந்து எல்லாம் எடுத்து வைக்கிறவள் நான். பாதி வழியில் மகன் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்தால் இடுப்பில் தூக்கிக்கொள்கிறவளும் நான். கணவரும் தூக்குவார், இல்லை என்று சொல்லவில்லை. தோளில் உட்காரவைத்துக்கொண்டு பத்தடி நடப்பார், அதை நான் வீடியோ எடுக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் அவர்தான் எடுப்பார். அந்த வீடியோக்களில் நான் பெரும்பாலும் ஒரு கையாகத்தான் இருப்பேன். தண்ணீர் பாட்டிலை நீட்டுகிற கை, மூக்கைத் துடைக்கிற கை. ஒருநாள் அதைச் சொன்னதற்கு, உனக்குத்தான் போட்டோன்னாலே பிடிக்காதே என்றார். அப்படி நான் எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

அந்த வருடம் கார்த்திகை மழை விடாமல் பெய்தது. எங்கள் ஊர் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகிற கோடி வழியாக விழுந்து ஓடியது. பாலாற்றிலும் தண்ணீர் வந்துவிட்டது என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். பாலாற்றை மணலாகவே பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். தண்ணீர் ஓடினால் அதைப் பார்க்க ஊரே கிளம்பும். மழை விட்டு இரண்டு வாரம் கழித்து, வெள்ளம் வடிந்து ஓரங்களில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் திருமுக்கூடலுக்குப் போனோம்.

கோயிலுக்குப் பக்கத்தில் கூட்டமாக இருந்தது. கூட்டம் இல்லாத இடம் வேண்டும் என்று கணவர் கரையோரமாகவே தூரமாக நடக்கவைத்தார். மணல் திட்டு ஒன்றில் போர்வையை விரித்தோம். எங்களுக்கு முன்னால் தண்ணீர் முழங்காலுக்கும் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கூழாங்கல் தெரிந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் அதில் ஆடினார்கள். நானும் சுடிதாரை மடித்துவிட்டுக்கொண்டு நின்றேன். பாதத்துக்கு அடியிலிருந்து மணல் நழுவி நழுவிப் போனது. எவ்வளவு நன்றாக இருந்தது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

மகனுக்குக் குளிரில் உதடு நடுங்கத் தொடங்கியதும் அவனை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து போர்வையில் நிறுத்தினேன். ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் டவுசரை மாற்றிக்கொண்டிருந்தேன். ஈர டவுசர் காலில் சிக்கி வரவில்லை. எங்கேயோ ஒரு பெண் கத்துவது கேட்டது. யாரோ ஆட்டை அதட்டுகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பியபோது கணவர் போனை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தார். அவருக்கு எதிரே மகள் இல்லை.

மணல் அள்ளிய பள்ளம். மேலே தண்ணீர் மூடியிருந்ததால் தெரியவில்லை. அவளுடைய ஒரு கை வெளியே வந்தது, போனது. எனக்கு நீச்சல் தெரியாது. ஓடினேன். இடுப்புவரை வந்த தண்ணீர் அடுத்த அடியில் தலைக்கு மேலே போய்விட்டது. அவளுடைய சட்டை கையில் மாட்டியது, பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. காலுக்கு அடியில் தரை இல்லை. மூக்கிலும் வாயிலும் தண்ணீர்.

முகத்தில் துணி வந்து விழுந்தது. ஒரு புடவை. இன்னொரு கையால் அதைப் பற்றினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கட்டியிருந்த புடவையை அவிழ்த்து வீசியிருந்தாள். மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தாள். கால் தரையில் பட்டதும் கணவர் ஓடிவந்து மகளை என் கையிலிருந்து வாங்கித் தூக்கினார். அவர் கால்சட்டை முழங்கால்வரைதான் நனைந்திருந்தது. அது எனக்கு அன்றே தெரியும். ஆனால் அன்று அதை நினைக்க நேரமில்லை.

மகள் தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதாள். அழுகை வந்ததும் எனக்கு உயிர் வந்தது. தூரத்திலிருந்து சிலர் ஓடிவந்தார்கள். ஒரு பெரியவர், அறிவு கீதா உங்களுக்கு, கொயந்தைங்கள இங்க வுட்றீங்களே என்று திட்டினார். கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. மகளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, வா, வா என்று என்னை அவசரப்படுத்தினார். நான் மகனையும் பைகளையும் போர்வையையும் அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன். கரை ஏறிய பிறகு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் பாவாடையும் ரவிக்கையுமாக, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஆண்களுக்கு நடுவில் நின்றிருந்தாள். புடவையை யாரும் பிடித்து வைக்கவில்லை. அது தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது.

வழியில் வண்டியை நிறுத்தியபோதுதான் என்ன நடந்தது என்று கேட்டேன். வெளியே வா என்று கூப்பிட்டேன், அதற்குள் கால் வழுக்கிவிட்டது என்றார். மகள் துண்டுக்குள் முகத்தை வைத்திருந்தாள். வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். அடுத்த நாள், அந்த வீடியோவைப் பார்க்கவே முடியவில்லை, அழித்துவிட்டேன் என்றும் சொன்னார். பாவம், எவ்வளவு நொந்துபோயிருக்கிறார் என்று நினைத்து நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

யாரிடமும் சொல்லக் கூடாத விஷயம் ஒரு வருடத்துக்குள் எல்லோரும் கேட்கிற கதையாகிவிட்டது. முதலில் அவர் தம்பி வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில், யாரோ ஆற்றில் போன பிள்ளையைப் பற்றிப் பேச, இவர் மெல்ல ஆரம்பித்தார். அன்று அந்தக் கதையில் ஆடு மேய்க்கிற பெண் இருந்தாள். அடுத்த முறை அவள் கூச்சல் போட்டு ஆள் கூப்பிட்டவள் ஆனாள். பிறகு காணாமல் போனாள். நான் கரையில் நின்று கத்துகிறவளாக மாறினேன். அவர் தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருந்தார், முதலில் இடுப்புவரை, பிறகு கழுத்துவரை. நான் மறுக்கவில்லை. நாலு பேர் முன்னால் கணவரை எப்படித் திருத்துவது? மேலும் கடைசியில் தூக்கியது அவர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயணங்கள் நிற்கவில்லை. நான் மட்டும் இங்கே பார், அங்கே போகாதே என்று சொல்லிக்கொண்டே இருப்பவள் ஆனேன். அம்மா பயந்தாங்கொள்ளி என்பது வீட்டில் ஒரு விளையாட்டுப் பேச்சானது. மகனும் வளர வளர அதைச் சொன்னான்.

ஐந்து வருடம் கழித்து, மகளுடைய பள்ளி ஆண்டு விழாவில் 'என்னால் மறக்க முடியாத நாள்' என்று பேச்சுப் போட்டி. அவள் மேடையேறி அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசினாள். அம்மா பயத்தில் கத்தினார்களாம், அழுதார்களாம். அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல் ஆழத்தில் குதித்துக் காப்பாற்றினாராம். பயப்படாமல் இருக்க எனக்குக் கற்றுத் தந்தவர் என் அப்பா என்று முடித்தாள். கைதட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என் முழங்கையைத் தொட்டு, நல்ல வேளை உங்க வூட்டுக்காரரு கூட இருந்தாரு என்றார். நான் தலையாட்டினேன். கணவர் எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

அடுத்த வாரம் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, ஒரு புடவை வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறித் திருமுக்கூடலுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், நன்றி சொல்ல என்று சொல்வேன். உண்மையில் நான் தண்ணீருக்குள் இறங்கினேன் என்று என்னைத் தவிர வேறொருவர் சொல்லிக் கேட்க வேண்டும் போலிருந்தது. கோயிலுக்குப் பக்கத்து டீக்கடையில் கேட்டேன். ஆற்றோரம் ஆடு ஓட்டுகிறவள் இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆறு பழையபடி மணலாகிக் கிடந்தது. வேலிக்காத்தான் நிழலில் குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

என்னை அடையாளம் தெரியவில்லை. புடவையைப் பற்றிச் சொன்னதும் தெரிந்துகொண்டாள். பொண்ணு நல்லா கீதா என்றுதான் முதலில் கேட்டாள். நல்லாயிருக்கா அக்கா, ஆறாவது படிக்கிறா என்றேன். பையிலிருந்த புடவையைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், பிரித்துப் பார்க்கவில்லை.

"பொடவை போனது போவட்டும்மா. அன்னிக்கி வூடு வரைக்கும் பாவாடையோட நடந்து போனேன். ஊரே பாத்துச்சி. எங்க வூட்டுக்காரரு ஒரு மாசம் பேசல. உங்கிட்ட ஒரு போர்வை இருந்துச்சே, அத குடுத்துட்டுப் போயிருக்கலாம்."

அந்தப் போர்வையை நான் வீட்டுக்கு வந்து அலசி, காயப்போட்டு, மடித்து வைத்திருக்கிறேன். ஒருமுறைகூட அவளை நினைத்ததில்லை. மன்னிச்சிடுக்கா என்றேன். அவள் ஒரு ஆடு தூரமாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"உன் வூட்டுக்காரரு ஏம்மா அப்டி பண்ணாரு?"

எப்படி என்று கேட்டேன்.

"போனைத் தூக்கிப் புடிச்சிக்கினு, 'பின்னால போ, இன்னும் பின்னால போ, கோயிலு தெரியல'ன்னு சொல்லிக்கினே இருந்தாரே. அந்தப் பொண்ணும் அவரையே பாத்துக்கினு பின்னால பின்னால போச்சி. அங்க பள்ளம் கீதுன்னு நான் கத்தறேன், கத்தறேன். காதுலயே வாங்கல. அது முயிகிப் போனப்பறம்கூட போனை எறக்கலியே அவரு. நீதான வந்து வியுந்தே."

நான் கேட்க வந்தது அதில் இருந்தது. நீதான வந்து வியுந்தே. ஆனால் அது காதில் ஏறவில்லை. பின்னால போ, பின்னால போ என்பதுதான் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அழிக்கப்பட்ட வீடியோவில் என்ன இருந்திருக்கும் என்று இப்போது புரிந்தது. அதற்காக நான் சொன்ன ஆறுதலும் ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவருக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, சமையலறையில் நிற்கவைத்துக் கேட்டேன். சத்தம் போடவில்லை. நீங்கள் அவளைப் பின்னால் போகச் சொன்னீர்களா என்று மட்டும் கேட்டேன். யார் சொன்னது என்றார். சொன்னேன். காபி டம்ளரை மேடைமேல் வைத்தார். முழங்கால் தண்ணியாத்தான் இருந்தது, அங்க பள்ளம் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும் என்றார். பிறகு, நீ அங்க போயிருக்கத் தேவையில்ல என்றார்.

சமையலறை வாசலில் மகள் நின்றிருந்தாள். கையில் பேனா. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. நான் அவளைப் போகச் சொல்வதற்குள் அவளே பேசினாள்.

"எனக்குத் தெரியும்மா. அப்பா பின்னால போன்னுதான் சொன்னாரு."

நான் அவளைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ அப்பாகூட சண்டை போடுவ. அப்பறம் எங்கயுமே போக முடியாது."

ஆறு வயதில் அவள் போட்ட கணக்கு அது. துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு போட்டிருக்கிறாள். அவள் நினைத்தது தவறும் இல்லை. அன்று தெரிந்திருந்தால் நான் வண்டியில் மறுபடி ஏறியிருக்க மாட்டேன். நான் அதற்கு மேல் கேட்டிருக்க வேண்டாம். ஆனாலும் கேட்டேன். சரி, அப்பாவைச் சொல்லவில்லை, என்னை ஏன் அப்படிச் சொன்னாய், கரையில் நின்று கத்தினேன் என்று?

"அப்பா காப்பாத்தணும்னா யாராச்சும் கத்தணும்ல" என்றாள். சொன்ன பிறகுதான் அழுதாள். நான் கூப்பிட்டேன், வரவில்லை. அவர் கூப்பிட்டார், அவரிடமும் போகவில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வண்டி கிளம்பவில்லை. அவர் அதைத் தெருவில் நிறுத்திக் கழுவினார். எதிர்வீட்டு அக்கா, இன்னா இன்னிக்கி வூட்லயே கீறீங்க, புள்ளைங்களுக்கு ஒடம்பு சரியில்லியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். மூன்றாவது வாரம் நானே வாய்விட்டு, பக்கத்தில் எங்காவது போகலாமா என்று கேட்டேன். மகள் பரீட்சை இருக்கிறது என்றாள். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. உங்க அம்மாவ நம்பி எப்படி வர்றது, எங்க போனாலும் சாட்சி தேடுவாங்க என்று கணவர் மகனிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் தவறு செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். உண்மையைக் கேட்பது தவறா? ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு எனக்கு என்ன கிடைத்தது என்றும் தெரியவில்லை. என் மகள் இப்போது என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்வதில்லை. என்னிடம் அதிகம் எதுவுமே சொல்வதில்லை. எல்லாவற்றையும் நான்தான் கெடுத்தேன் என்று அவள் நினைக்கிறாள், அல்லது அப்படி நினைக்கிறாள் என்று நான் நினைக்கிறேன். அந்த ஆடு மேய்க்கிற அக்காவுக்கு ஒரு புடவை கிடைத்தது. அதை அவள் கட்டுகிறாளோ இல்லையோ.

இப்போது அவர் கம்பெனி ஆட்களோடு தனியாகப் போகிறார். மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு முறை. போகிற இடத்தைச் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. மதியத்துக்குள் எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்துவிடும். மகள் திறப்பதே இல்லை. மகன் என் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கிறான். எட்டு வயதாகிறது அவனுக்கு. போன வாரம் ஒரு பாறையின் படத்தைக் காட்டி, இது நாம ஏறின மலையா, வேற மலையா என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். அப்பா வந்ததும் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனான்.